காற்றாலைக் கணக்கும் கருவூலக் கணக்கும்

2012 ஏப்ரல் 1 அன்று இந்திய வருமான வரி விதிகளில் ஓர் எண் மாறியது. புதிதாக நிறுவும் காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்த சலுகை 15 சதவீதமாகச் சுருங்கியது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு வழங்கிவந்த மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டமும் அதே நேரத்தில் முடிவுக்கு வந்தது. கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைக்காரர்களும் பனியன் ஏற்றுமதியாளர்களும் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் உடுமலை, பல்லடம் பக்கத்து மேட்டு நிலங்களிலும் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைகளில் கணிசமானவை அவர்களுடையவை. ஆலைக்கு மின்சாரம், கணக்குக்கு வரிச் சலுகை என்ற இரட்டைப் பயனை நம்பித்தான் அந்த முதலீடு நடந்துவந்தது.

2011-12இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டில் அது 1,700 மெகாவாட்டுக்கு இறங்கியது. 2013இல் ஊக்கத்தொகையை அரசு மீட்டுத் தந்தது. 2014இல் தேய்மானச் சலுகையும் திரும்பியது. முதலீடு மெல்ல எழுந்து 2016-17இல் 5,500 மெகாவாட்டைத் தொட்டது. அந்த ஆண்டின் இறுதியில், 2017 பிப்ரவரியில், முதல் காற்றாலை ஏலம் நடந்தது. யூனிட்டுக்கு ரூ.3.46 என்று விலை விழுந்ததும், அதுவரை நிர்ணய விலையில் ஒப்பந்தம் போட்டுவந்த மாநில மின்வாரியங்கள் பேனாவை மூடிவைத்தன. ஏப்ரலில் தேய்மானச் சலுகை 40 சதவீதமாகக் குறைந்தது. 2017-18இல் நிறுவப்பட்டது 1,900 மெகாவாட்டுக்கும் கீழே. அதன்பின் 2024-25 வரை எந்த ஆண்டிலும் அந்தப் பழைய 5,500ஐ இந்தியா எட்டவில்லை.

காலநிலைக் கொள்கையின் நிச்சயமின்மை என்று பொருளாதார ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இதைப் போன்ற ஏற்ற இறக்கத்தைத்தான். கார்பன் வரி வருமா, வந்தால் எவ்வளவு, சலுகை நீடிக்குமா, ஒப்பந்தத்தை அடுத்த அரசு மதிக்குமா, வெளிநாட்டுச் சந்தை நாளை என்ன சான்றிதழ் கேட்கும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாத நிலை. இதனால் தனியார் முதலீடு தயங்குகிறது என்பதை ஆய்வுகள் நன்றாகவே விளக்கியுள்ளன. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு விளைவே என்னை இதை எழுதத் தூண்டுகிறது. தனியார் சுமக்க மறுக்கும் நிச்சயமின்மை காற்றில் கரைந்துவிடுவதில்லை. வளரும் நாடுகளில் அது உத்தரவாதமாகவும் மானியமாகவும் கடன் தள்ளுபடியாகவும் உருமாறி அரசின் கருவூலத்துக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து வரிக் கொள்கையையும் வட்டிக் கொள்கையையும் நெருக்குகிறது. காலநிலை அமைச்சகத்தில் தொடங்கிய தடுமாற்றத்துக்கு விலை கொடுப்பது நிதியமைச்சகம்.

முதலீட்டுத் தயக்கத்துக்கான விளக்கம் பழையது. பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பென் பெர்னான்கே 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில், திரும்பப் பெற முடியாத முதலீட்டைச் செய்பவருக்குக் காத்திருப்பதே ஒரு மதிப்புள்ள தெரிவு என்று காட்டினார். இன்று கட்டினால் பணம் இரும்பாகவும் கான்கிரீட்டாகவும் மாறிவிடும். ஆறு மாதம் பொறுத்தால் விதி தெளிவாகிவிடக்கூடும். நிச்சயமின்மை கூடக்கூடப் பொறுப்பதன் மதிப்பு கூடுகிறது. எரிசக்தித் துறையில் இது மற்ற எந்தத் துறையையும்விடக் கடுமையாகப் பொருந்தும். அனல்மின் நிலையம் நாற்பது ஆண்டு ஓடும். சூரிய மின் நிலையம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டப்படுகிறது. ஓர் அரசின் ஆயுளோ ஐந்து ஆண்டு.

சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. செலவு முழுவதும் முன்கூட்டியே, பெரும்பாலும் கடனாக, இறங்கிவிடுகிறது. ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது, அதில் 3 கோடி கடன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல இடத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் யூனிட் தரும். அரசை நம்ப முடியவில்லை என்று வங்கி வட்டியில் ஒரே ஒரு சதவீதப் புள்ளியைக் கூட்டினால், முதல் ஆண்டில் கூடுதல் வட்டி 3 லட்சம் ரூபாய். யூனிட்டுக்கு 15 காசு. ஒரு காசு, இரண்டு காசு வித்தியாசத்தில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் ஏலங்களில் 15 காசு மிகப் பெரிய தொகை. நிலக்கரி நிலையத்தில் இதே ஒரு சதவீதம் இவ்வளவு வலிக்காது; அங்கே செலவின் பெரும்பங்கு ஆண்டுதோறும் வாங்கும் எரிபொருளில் இருக்கிறது. ஆகவே கொள்கைத் தடுமாற்றம் எல்லா மின்சாரத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை, தூய மின்சாரத்தைத்தான் கூடுதலாகத் தண்டிக்கிறது. வளரும் நாடுகளில் சூரிய மின் திட்டங்களுக்கு மூலதனம் திரட்டும் செலவு பணக்கார நாடுகளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது. அந்த இடைவெளி முழுவதற்கும் கொள்கைத் தடுமாற்றம் காரணமல்ல. நாணய மதிப்பு, பணவீக்கம், மின்வாரியங்களின் நிதிநிலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அரசு நினைத்தால் உடனே குறைக்கக்கூடிய பங்கு இதுதான்.

தடுமாற்றம் கருவூலத்துக்கு வந்து சேரும் பாதையைத் தென்னாப்பிரிக்காவைப்போல வேறெந்த நாடும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. 2011இல் அந்த நாடு தனியார் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு ஏலமுறை ஒன்றைத் தொடங்கியது. வளரும் நாடுகளுக்கே முன்மாதிரி என்று உலகம் பாராட்டிய திட்டம் அது. ஒவ்வொரு சுற்றிலும் விலை இறங்கியது, முதலீடு குவிந்தது. 2015இல் நான்காம் சுற்று வெற்றியாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். அதன்பின் கையெழுத்து நின்றது. நாட்டின் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் கையில் வைத்திருந்த அரசு நிறுவனம் எஸ்காம், ஒப்பந்தங்களில் கையொப்பமிட மறுத்தது. அதிபர் ஜேக்கப் சூமாவின் அரசு 9,600 மெகாவாட் அணுமின் திட்டத்தின் மீது கண் வைத்திருந்தது. 2017 ஏப்ரலில் கேப் டவுன் உயர் நீதிமன்றம் அந்த அணு ஒப்பந்த நடவடிக்கைகளைச் செல்லாது என்றது. 2018 பிப்ரவரியில் ரமபோசா அதிபரானார். ஏப்ரல் 4 அன்று 27 திட்டங்களுக்கான ஒப்பந்தங்கள் ஒருவழியாகக் கையெழுத்தாயின: 5,600 கோடி ராண்ட் முதலீடு, சுமார் 2,300 மெகாவாட். அதற்கு முந்தைய மாதம்கூட, நிலக்கரி வேலைகள் பறிபோகும் என்று உலோகத் தொழிலாளர் சங்கம் ஒன்று நீதிமன்றப் படியேறியிருந்தது. அந்த அச்சத்தைக் குறைகூற முடியாது. ம்புமலாங்கா மாகாணத்தில் ஊர் ஊராகச் சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் நம்பி வாழ்கிறவர்களுக்கு மாற்று வழி என்ன என்று எந்த அரசும் அதுவரை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. அதுவும் கொள்கை நிச்சயமின்மைதான். அதன் சுமை தொழிலாளியின் தலையில் இருந்தது.

கையெழுத்து தாமதமானதால் இழந்தது 2,300 மெகாவாட் மட்டுமல்ல. அடுத்த சுற்று ஏலம் 2021இல்தான் அழைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், முந்தைய சுற்றுகளை நம்பித் தொடங்கப்பட்ட உள்ளூர் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஆர்டர் இல்லாமல் வாடின. 2022இல் 200 நாட்களுக்கும் மேல், 2023இல் 300 நாட்களுக்கும் மேல் நாடு மின்வெட்டில் தவித்தது. பழைய அனல் நிலையங்களின் பழுது, மெடுப்பி, குசிலே நிலையங்களின் கட்டுமானக் குளறுபடி, ஊழல் ஆகியவையே மின்வெட்டின் முதன்மைக் காரணங்கள். ஆனால் அவற்றைத் தாங்கிப்பிடித்திருக்கக்கூடிய புதிய மின்சாரம் அந்த நேரத்தில் இல்லாமல் போனதற்கு அந்த ஆறு ஆண்டுகள் பொறுப்பு.

பிறகு கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. 2023 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் எஸ்காமின் கடனில் 25,400 கோடி ராண்டை அரசு ஏற்பதாக நிதியமைச்சர் அறிவித்தார். எஸ்காமின் மொத்தக் கடனில் பாதிக்கு மேல் அது. கூரையில் சூரியத் தகடு வைப்பவர்களுக்கு அவசர அவசரமாக ஒரு வருமான வரிக் கழிவும் தரப்பட்டது. மத்திய வங்கி 2023இன் வளர்ச்சிக் கணிப்பை 0.3 சதவீதமாக வெட்டியது. மின்வெட்டு மட்டுமே இரண்டு சதவீதப் புள்ளிகளைத் தின்னும் என்பது அதன் மதிப்பீடு. அதே வங்கி, 2021 நவம்பருக்கு முன் 3.5 சதவீதமாக இருந்த வட்டியை 2023 மே மாதத்துக்குள் 8.25 ஆக்கியிருந்தது. உலகப் பணவீக்கமே அதற்குப் பெருங்காரணம் என்றாலும், டீசல் ஜெனரேட்டரில் ஓடும் கடைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் விலைவாசியைத் தங்கள் பங்குக்கு ஏற்றின. வளர்ச்சி விழும்போது வட்டியைக் குறைக்க வேண்டும், விலை ஏறும்போது கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் நடந்தால் மத்திய வங்கியின் கையில் என்ன மிஞ்சும்? கையெழுத்திட மறுத்த அந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் செலவு எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை.

இந்தியாவில் இதே பாதை வேறு வடிவில் ஓடுகிறது. 2019இல் ஆந்திரத்தில் ஆட்சி மாறியதும், முந்தைய அரசு போட்ட காற்று, சூரிய மின் கொள்முதல் ஒப்பந்தங்களின் விலையை மறுபரிசீலனை செய்ய ஜூலை 1 அன்று ஒரு குழு அமைக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. இடைக்காலமாக யூனிட்டுக்குக் காற்றுக்கு ரூ.2.43, சூரிய ஒளிக்கு ரூ.2.44 என்று வழங்கப்பட்டது. 2022 மார்ச்சில்தான் ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆந்திர அரசின் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. சந்தை விலை பாதியாக விழுந்த பிறகு பழைய விலையைத் தொடர்ந்து கொடுப்பது நுகர்வோருக்குச் சுமைதான். ஒருதலையாக விலையைக் குறைக்க முயன்றதன் விளைவு ஆந்திரத்தோடு நிற்கவில்லை என்பதே பிரச்சினை. எந்த மாநிலமும் நாளை இப்படிச் செய்யலாம் என்ற எண்ணம் கடன் கொடுப்பவர்கள் மனதில் பதிந்தது.

இலங்கையில் 2025 பிப்ரவரியில் மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் விலகியதிலும் இதே சிக்கல் உண்டு. முந்தைய அரசு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று ஒத்துக்கொண்டிருந்ததைப் புதிய அரசு குறைக்க முயன்றது. அந்த விலை அதிகம் என்று பலர் கருதினார்கள். போட்டி ஏலம் இல்லாமல் கொடுத்ததும், பறவைகளின் வலசைப் பாதையில் நிறுவுவதும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஏலம் இல்லாமல் போட்ட ஒப்பந்தம் அடுத்த ஆட்சியில் நிற்காது என்பது அதில் கிடைக்கும் பாடம். கடன் நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டுக்கு அது விலையுயர்ந்த பாடம்.

இத்தகைய அச்சத்தைப் போக்க இந்தியா கண்ட வழி என்ன? மத்திய அரசு, மாநில அரசு, ரிசர்வ் வங்கி மூன்றும் சேர்ந்து போடும் முத்தரப்பு ஒப்பந்தம். மாநில மின்வாரியம் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கியில் உள்ள அந்த மாநில அரசின் கணக்கிலிருந்தே மத்திய நிறுவனங்களுக்கான பாக்கியைக் கழித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. முதலீட்டாளருக்கு நிம்மதி. நிச்சயமின்மையோ மின்வாரியத்திலிருந்து மாநிலக் கருவூலத்துக்கு இடம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்த இடமாற்றம் புதிதல்ல. மின்வாரியங்களின் கடன் மீட்புக்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்தபோது மின்வாரியத்தின் கடனில் ரூ.22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடன் காலநிலைக் கொள்கையால் வந்ததல்ல. நெடுங்கால நட்டத்தின் குவியல். மின்துறையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கடைசியில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்திலிருந்தே அடைக்கப்படுகிறது என்பதற்கு அது சாட்சி.

வரி பக்கம் திரும்பினால், நிலக்கரி செஸ்ஸின் வரலாறு ஒன்றே போதும். 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி, 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 என்று ஆறு ஆண்டுகளில் எட்டு மடங்கானது. தூய எரிசக்தி நிதி என்ற பெயரில் தனிக் கணக்கும் இருந்தது. உலகின் வளரும் நாடுகளில் நிலக்கரி மீது இவ்வளவு வெளிப்படையாக வரி போட்ட நாடுகள் மிகக் குறைவு. அன்றைக்கு ஒரு சிமென்ட் ஆலையோ மின் நிறுவனமோ இந்த ஏறுமுகத்தைப் பார்த்து எதிர்காலத்தைத் திட்டமிட்டிருந்தால் அது அறிவார்ந்த செயல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 400 ரூபாய் அப்படியே நின்றது. ஆனால் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த செஸ்ஸே நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

கேட்பதற்கு வரி கூடியதுபோல் இருக்கும். கணக்கிட்டால் வேறு. கூடுதலாக வந்தது விலையில் 13 சதவீதம். போனது டன்னுக்கு 400 ரூபாய். டன் விலை சுமார் 3,077 ரூபாய்க்குக் கீழே இருக்கும் நிலக்கரிக்கு வரி குறைந்துவிட்டது. உள்நாட்டில் வெட்டப்படும், சாம்பல் மிகுந்த மலிவு நிலக்கரி பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேதான். மின் கட்டணத்தைக் குறைக்க இது உதவும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஜிஎஸ்டி சீரமைப்பு என்ற அளவிலும் அதற்குத் தர்க்கம் உண்டு. ஆனால் கார்பனுக்கு விலை வைக்கும் கருவியாகப் பிறந்த ஒன்று வருவாய்க் கருவியாக வளர்ந்து, வரிச் சீரமைப்பின் ஓரத்தில், காலநிலை என்ற பேச்சே எழாமல் மறைந்துபோனதை நான் கவலையோடு பார்க்கிறேன். அடுத்த முறை அரசு ஒரு கார்பன் விலையை அறிவிக்கும்போது அதை நம்ப வேண்டியவர்கள் இந்த வரலாற்றையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

நிதியமைச்சகங்கள் ஏன் தெளிவான பாதையை அறிவிக்கத் தயங்குகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் அரசுகளுக்கு நிலக்கரி உரிமத்தொகை முக்கிய வருவாய். ரயில்வேயின் சரக்குப் போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அந்த லாபத்தில்தான் சாதாரண வகுப்புப் பயணக் கட்டணம் தாழ்வாக நிற்கிறது. இந்தோனேசியாவும் இதே இக்கட்டில் மாட்டிக்கொண்டது. 2021இல் சட்டம் இயற்றி, 2022 ஏப்ரல் 1 முதல் கார்பன் வரி என்று நாள் குறித்தது. அது ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஜூலையும் வந்தது, உக்ரைன் போரால் எரிபொருள் விலை எகிறியிருந்தது, வரி காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா 2010இல் பேசத் தொடங்கிய கார்பன் வரியை 2019 ஜூனில்தான் அமல்படுத்தியது. தள்ளிப்போடுவது ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டின் கணக்கில் சரியாகவே தோன்றும். பத்தாண்டுக் கணக்கில் பார்க்கும்போதுதான் இழப்பு தெரிகிறது.

இவையெல்லாம் உள்நாட்டில் பிறந்தவை. வளரும் நாடுகளை இப்போது மேலும் ஆட்டுவிப்பது பிறர் நாட்டிலிருந்து இறக்குமதியாகும் நிச்சயமின்மை. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக 2017இல் அறிவித்த அமெரிக்கா, 2021 பிப்ரவரியில் மீண்டும் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் உத்தரவில் கையெழுத்திட்டது. நிலக்கரியிலிருந்து நியாயமான மாற்றத்துக்கென்று தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர், இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் கூட்டாக வாக்குறுதி தந்திருந்தன. 2025 மார்ச்சில் அமெரிக்கா அவற்றிலிருந்தும் வியட்நாமுக்கான திட்டத்திலிருந்தும் வெளியேறியது. அந்தப் பணத்தை எதிர்பார்த்துத் தங்கள் மின்திட்டங்களை வரைந்தவர்கள் ஜகார்த்தாவிலும் பிரிட்டோரியாவிலும் இருக்கிறார்கள். வாஷிங்டன் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி இன்னும் நுட்பமான விவகாரம். 2021 ஜூலையில் முன்மொழிந்து, 2023இல் சட்டமாக்கி, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அறிக்கை மட்டும் கேட்டு, 2026 ஜனவரி 1 முதல் நிதிப் பொறுப்போடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர், அவற்றைத் தயாரிக்க வெளியான கார்பனுக்கு ஐரோப்பியச் சந்தை விலையில் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தியாவில் ஒரு டன் கச்சா எஃகுக்குச் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. உலகச் சராசரி 1.9. ஐரோப்பியக் கார்பன் விலை 2023 பிப்ரவரியில் டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது. ஓராண்டுக்குள் 60க்குக் கீழே விழுந்தது. ஐரோப்பிய ஆலைகளுக்கான இலவச உமிழ்வு உரிம ஒதுக்கீடு 2034இல் முழுவதும் ஒழிந்த பிறகு என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் விலையில் ஒரு டன் எஃகின் மீது விழும் சுமை 250 யூரோ. இரண்டாவது விலையில் 150க்கும் கீழே. லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே உள்ள தூரம் அது. 2030க்குள் 30 கோடி டன் எஃகுத் திறன் என்ற இலக்கை 2017ஆம் ஆண்டுக் கொள்கையில் இந்தியா வைத்திருக்கிறது. இன்று கட்டப்படும் ஊதுலை 2040களிலும் எரிந்துகொண்டிருக்கும்.

இந்த விதியிலும் ஐரோப்பா உறுதியாக நிற்கவில்லை. 2025இல் ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவான இறக்குமதிக்கு விலக்கு தந்தது. சான்றிதழ் விற்பனையை 2027 பிப்ரவரிக்குத் தள்ளியது. காடழிப்பில்லாப் பொருட்களுக்கான இன்னொரு சட்டத்தை, தொடங்க வேண்டிய நேரம் நெருங்கியபோதெல்லாம், இரண்டு முறை ஒத்திவைத்தது. தாமதம் ஏற்றுமதியாளருக்கு நிம்மதி என்று தோன்றலாம். ஆனால் சட்டத்தை நம்பித் தோட்டம் தோட்டமாக வரைபடம் எடுத்து, சான்றிதழுக்குச் செலவழித்த பனை எண்ணெய், காப்பி உற்பத்தியாளர்களுக்கு அந்தச் செலவு வீண் முதலாகக் கிடக்கிறது. சொன்னதை நம்பி முன்கூட்டி மாறியவரைவிட, நம்பாமல் இருந்தவர் லாபம் பார்க்கிறார். ஒரு கொள்கைக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

எல்லை வரியில் ஒரு விதி உண்டு: ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால், அதைக் கழித்துக்கொள்ளலாம். புது டெல்லி ஒரு டன் கார்பனுக்கு வசூலிக்கத் தவறும் தொகையை ஐரோப்பிய ஒன்றியம் வசூலித்துக்கொள்ளும் என்பது இதன் பொருள். துருக்கி 2025 ஜூலையில் காலநிலைச் சட்டம் நிறைவேற்றிக் கார்பன் சந்தைக்கு வழி வகுத்ததில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவும் 2023 ஜூனில் கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. ஒரு நாட்டின் வரிக் கொள்கை பிறிதொரு நாட்டின் நாடாளுமன்றத்தில் பாதி எழுதப்படுகிறது என்பது இறையாண்மை பற்றிய சரியான கவலைதான். ஆனாலும் பணம் இங்கேயே தங்க வேண்டுமானால் முடிவு இங்கேயே எடுக்கப்பட வேண்டும்.

மத்திய வங்கிகளின் நிலை என்ன? பொருளாதாரத்தின் எதிர்வினை தெரியாத சூழலில் கொள்கை வகுப்பவர் மெதுவாகவே அடியெடுத்து வைக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் வில்லியம் பிரெய்னார்ட் 1967இல் வாதிட்டார். மத்திய வங்கியாளர்கள் இன்றும் அதை மந்திரம்போல் மதிக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2021இல் பசுமை நிதிக்கான மத்திய வங்கிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தது, 2022இல் விவாத அறிக்கை வெளியிட்டது, 2024 பிப்ரவரியில் வங்கிகள் காலநிலை இடர்களை வெளியிடுவதற்கான வரைவைத் தந்தது. நிதானமான நடைதான். ஆனால் வங்கிகளின் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் ஒத்திகை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2018இல் நாடாளுமன்ற நிலைக்குழு 34 அனல்மின் திட்டங்களைச் சிக்கலில் உள்ளவையாகப் பட்டியலிட்டது: 40,000 மெகாவாட், ஏறத்தாழ 1.74 லட்சம் கோடி ரூபாய் கடன். நிலக்கரி ஒதுக்கீடு ரத்து, வாங்க ஆளில்லாமை, தேவை பற்றிய தவறான கணிப்பு என்று காரணங்கள் வேறு. ஆனால் மின்சாரக் கொள்கையின் பாதை திடீரெனத் திரும்பினால் பொதுத்துறை வங்கிகளுக்கு என்ன நேரும் என்பதை அது காட்டியது. அந்த வங்கிகளுக்கு மறுமூலதனம் போட்டதும் வரிப்பணம்தான்.

இதையெல்லாம் எப்படி அளப்பது? பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்காட் பேக்கர், நிக்கோலஸ் புளூம், ஸ்டீவன் டேவிஸ் மூவரும் நாளிதழ்களில் குறிப்பிட்ட சொற்கள் எத்தனை முறை சேர்ந்து வருகின்றன என்று எண்ணிப் பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மைக்குக் குறியீடு அமைத்தார்கள். கான்ஸ்டன்டினோஸ் கவ்ரிலிடிஸ் 2021இல் இதே முறையில் காலநிலைக் கொள்கைக்கு ஒரு குறியீடு செய்தார். எட்டு அமெரிக்க நாளிதழ்களை வைத்து. பயனுள்ள கருவிகள், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க இதழ்களில் எடுத்த குறியீட்டைக் கொண்டு பிரேசில், இந்தியா, துருக்கி பற்றிய முடிவுகளுக்கு வரும் ஆய்வுகள் குவிகின்றன. அவை அமெரிக்க அலையின் வீச்சை அளக்கலாம். ஆந்திரக் குழுவையோ எஸ்காமின் மறுப்பையோ அளக்காது. இந்தியாவுக்கான பொருளாதாரக் குறியீடுகூட ஆங்கில நாளிதழ்களை வைத்தே கட்டப்பட்டது. மின்வாரியம் காற்றாலை மின்சாரத்தைக் கணக்கில் சேமித்துவைத்து எடுக்கும் வசதியைத் தொடருமா, துண்டிக்குமா என்ற கேள்வி கோவைப் பதிப்புத் தமிழ் நாளிதழில்தான் முதலில் வரும். இங்கே முதலீட்டைத் தடுத்து நிறுத்தும் நிச்சயமின்மை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது.

மாறாத கொள்கை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2010இல் யூனிட்டுக்கு 12 ரூபாய் அளவில் இருந்த சூரிய மின்சாரத்தின் ஏல விலை 2020 டிசம்பரில் குஜராத்தில் ரூ.1.99க்கு இறங்கியது. பழைய விலையில் நாட்டையே கட்டிப்போட்டிருந்தால் அது பேரிழப்பு. தொழில்நுட்பம் இவ்வளவு வேகமாக மாறும்போது கொள்கையும் மாறியே தீர வேண்டும். மாற்றம் எப்படி வருகிறது என்பதில்தான் வேறுபாடு. மாநிலங்களுக்கிடையே மின்சாரம் கொண்டுசெல்லும் கட்டண விலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பலமுறை நீட்டிக்கப்பட்டாலும், 2025 ஜூன் 30க்குப் பின் ஆண்டுக்கு 25 சதவீதம் வீதம் குறையும் என்று முன்கூட்டியே அறிவித்து, அப்படியே தொடங்கினார்கள். வங்கியாளர் அதைத் தாளில் எழுதிக் கணக்கிட முடியும். சூரியத் தகடுகளுக்கு நேர்ந்தது நேர்மாறு. 2018இல் 25 சதவீதப் பாதுகாப்பு வரி, பின் அதன் படிப்படியான குறைப்பு, 2020இல் நீட்டிப்பு, 2022 ஏப்ரலில் 40 சதவீதச் சுங்கவரி. அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியல் 2019இல் ஆணை, 2021இல் அமல், 2023இல் ஓராண்டு நிறுத்தம், 2024 ஏப்ரலில் மீண்டும் அமல். ஜிஎஸ்டி 5லிருந்து 12, பிறகு மீண்டும் 5. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பது சரியான இலக்கு. அதை நோக்கி நடந்த பாதையில் திட்டம் போட்டவர்கள் ஒவ்வொரு ஆண்டும் புதிய விலையோடு தொடங்க வேண்டியிருந்தது. 2025இல் மத்திய முகமைகள் ஏலம் விட்ட 40,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வாங்குவதற்கு மாநிலம் கிடைக்காமல் நின்றன. விலை இன்னும் இறங்கட்டும், விதி தெளியட்டும் என்று இம்முறை காத்திருந்தவை மாநில மின்வாரியங்கள்.

அடுத்த சோதனை இந்தியாவின் கார்பன் சந்தை. சிமென்ட், அலுமினியம் போன்ற துறைகளுக்கு உமிழ்வு அடர்த்தி இலக்குகள் 2025இல் அறிவிக்கப்பட்டுவிட்டன. அதில் உருவாகும் விலைக்கு ஓர் அடித்தளமும் உச்சவரம்பும் உண்டா, அவை எத்தனை ஆண்டுக்குச் செல்லும், மாற்ற வேண்டுமானால் எவ்வளவு முன்னறிவிப்பு தரப்படும் என்பதே ஒரு சிமென்ட் ஆலைக்குக் கடன் தரும் வங்கி கேட்கும் கேள்வி. அடித்தள விலையை அரசு உறுதி செய்தால், சந்தை சரியும்போது அதைத் தாங்கும் பொறுப்பும் அரசுக்கு வரும். ஆகவே இந்த முடிவை மின்துறை அமைச்சகம் தனியாக எடுக்க முடியாது. நிதியமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் அந்த மேசையில் இருக்க வேண்டும். அதோடு, முத்தரப்பு ஒப்பந்தங்கள், மின்வாரியக் கடன் பொறுப்பேற்பு, ஒப்பந்த வழக்குகளில் தர நேரக்கூடிய பாக்கி ஆகியவற்றை மத்திய, மாநில நிதிநிலை அறிக்கைகள் ஒரே அட்டவணையில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எஸ்காமின் கடன் 2023இல் ஒரே நாளில் பிறக்கவில்லை. அப்படியோர் அட்டவணை 2016இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முன் இருந்திருந்தால், கையெழுத்திட மறுப்பதற்கான விலை அன்றே அங்கே விவாதத்துக்கு வந்திருக்கும்.